‘ஃபினிஷ்ட்’: முடிந்ததா, தீர்ந்ததா, தொலைந்ததா? ஒரு முழுமையான வழிகாட்டி

‘தி ஹவுஸ் இஸ் ஃபினிஷ்ட்.’ ‘தி மில்க் இஸ் ஃபினிஷ்ட்.’ ‘தி மினிஸ்டர் இஸ் ஃபினிஷ்ட்.’ மூன்றும் இலக்கணத்தில் ஒரே அச்சு. தமிழில் சொல்லிப் பார்த்தால் வீடு கட்டி முடிந்தது, பால் தீர்ந்தது, அமைச்சர் கதை முடிந்தது என்று மூன்று திசையில் போகும். நான்காவதாக ஒன்றும் உண்டு: ‘தி டேபிள் இஸ் வெல் ஃபினிஷ்ட்’ என்றால் மேசைக்கு மெருகு நன்றாக ஏறியிருக்கிறது என்று பொருள்.

தமிழில் முடி, தீர், தொலை, மெருகு என்று தனித்தனியாக வைத்திருப்பதை ஆங்கிலம் ஒரே சொல்லில் அடைத்துவிட்டு, எந்தப் பொருள் என்பதைப் பக்கத்துச் சொற்களிடம் விட்டிருக்கிறது. அகராதியில் பொருள்களின் பட்டியல் கிடைக்கும். எந்த இடத்தில் எது என்று கண்டுபிடிக்கும் முறையைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

உச்சரிப்பைச் சொல்லிவிட்டுப் போகலாம். ‘ஷ்’ ஒலிக்குப் பிறகு வரும் இறந்தகால விகுதி வெறும் ‘ட்’தான். ‘ஃபினிஷெட்’ என்றோ ‘ஃபினிஷ்டு’ என்று இழுத்தோ சொல்ல வேண்டாம். ‘கம்ப்ளீட்டட்’ என்பதில் மட்டும் விகுதி தனி அசையாக ஒலிக்கும், ஏனென்றால் வேர்ச்சொல்லே ‘ட்’ ஒலியில் முடிகிறது.

படி 1: எழுவாய் ஆளா, பொருளா?

எழுவாய் ஒரு வேலையோ, கட்டடமோ, அறிக்கையோ என்றால் குழப்பமில்லை: முடிந்தது.

பால், அரிசி, பெட்ரோல், மொபைல் டேட்டா போலச் செலவாகிக் குறையும் பொருள் என்றால்: தீர்ந்தது. ஆனால் இந்தப் பயன்பாட்டில் கொஞ்சம் கவனம் தேவை. ‘தி மில்க் இஸ் ஃபினிஷ்ட்’ என்றால் எல்லோருக்கும் புரியும். இந்தியாவில் சர்வ சாதாரணம். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ‘வீ ஆர் அவுட் ஆஃப் மில்க்’ அல்லது ‘வீ ஹேவ் ரன் அவுட் ஆஃப் மில்க்’ என்பதே இயல்பாக வாயில் வரும். நம் ஹோட்டல்களில் கேட்கும் ‘இட்லி ஓவர் சார்’ அங்கே எடுபடாது. ‘ஓவர்’ நிகழ்ச்சிகளுக்கு உரியது: மேட்ச் ஓவர், மீட்டிங் ஓவர், எக்ஸாம்ஸ் ஆர் ஓவர். தின்று தீர்க்கும் பொருளுக்கு அதைச் சேர்ப்பது நம் ஊர் வழக்கம்.

எழுவாய் ஆள் என்றால்தான் சிக்கல். ‘ஐ ஆம் ஃபினிஷ்ட்’ என்பதற்கு ‘என் வேலையை முடித்துவிட்டேன்’ என்றும் பொருள், ‘நான் தொலைந்தேன்’ என்றும் பொருள். பிரித்தறிய ஒரு நல்ல அடையாளம் ‘இஃப்’. ‘இஃப் தி ஆடிட்டர் சீஸ் திஸ், ஐ ஆம் ஃபினிஷ்ட்’ என்பதில் இரண்டாவது பொருள் மட்டுமே பொருந்தும். நிபந்தனை எதுவும் இல்லாமல், தட்டைத் தள்ளிவைத்துவிட்டோ பேனாவை மூடிவைத்துவிட்டோ சொன்னால் முதல் பொருள்.

சந்தேகமே வேண்டாம் என்றால் ‘ஐ ஹேவ் ஃபினிஷ்ட்’ என்று சொல்லிவிடுங்கள். ‘ஹேவ்’ வந்ததும் அது பெயரடை அல்ல, வினை. ‘முடித்துவிட்டேன்’ என்பதைத் தவிர வேறு பொருள் எடுக்க வழியில்லை. தமிழில் ‘வேலையை முடித்தேன்’, ‘வேலை முடிந்தது’ என்று பிறவினையும் தன்வினையும் ஓர் எழுத்தில் மாறுகிற மாதிரி, அங்கே துணைவினை மாறுகிறது. ‘ஐ ஆம் ஃபினிஷ்ட்’ தவறு என்று கண்டிக்கும் ஆசிரியர்கள் இன்னும் இருக்கிறார்கள். பிரிட்டிஷ், அமெரிக்க ஆங்கிலம் இரண்டிலும் அது இன்று முற்றிலும் செல்லும்.

பேச்சில் இன்னொரு பொறி இருக்கிறது. ‘ஹீஸ் ஃபினிஷ்ட்’ என்று காதில் விழுந்தால் அது ‘ஹீ இஸ்’ஸாகவும் இருக்கலாம், ‘ஹீ ஹேஸ்’ஸாகவும் இருக்கலாம், சுருக்கினால் இரண்டும் ஒன்றே. வாக்கியம் அங்கேயே நின்றுவிடுகிறதா என்று காத்திருங்கள். ‘ஹீஸ் ஃபினிஷ்ட் தி ரிப்போர்ட்’ என்று செயப்படுபொருள் வந்துவிட்டால் அது ‘ஹேஸ்’. செய்தித் தலைப்பில் ஓர் அரசியல்வாதியின் பெயரை அடுத்து வந்து முற்றுப்புள்ளியும் விழுந்துவிட்டால் அது ‘இஸ்’, ஆசாமிக்குக் கஷ்டகாலம்.

படி 2: பின்னால் வரும் சிறுசொல்

மூன்று சிறுசொற்கள் பாதி வேலையைச் செய்துவிடும்.

‘வித்’ வந்து அடுத்து ஒரு பொருள் இருந்தால், ‘பயன்படுத்தி முடித்தாயிற்றா’ என்பது பொருள். உணவகத்தில் ‘ஆர் யூ ஃபினிஷ்ட் வித் தட், சார்?’ என்று கேட்டால் தட்டை எடுக்கலாமா என்கிறார்கள். சாப்பாடு முழுதும் காலியாகியிருக்க வேண்டியதில்லை. ‘வித்’தை அடுத்து ஆள் வந்தால் தொனி மாறும். ‘ஐ ஆம் ஃபினிஷ்ட் வித் ஹிம்’ என்றால் அவனோடு இனி ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மருத்துவமனை வரவேற்பில் ‘தி டாக்டர் இஸ் ஃபினிஷ்ட் வித் தி பேஷன்ட்’ என்றால் நோயாளியைப் பார்த்து முடித்துவிட்டார், அவ்வளவுதான். அதையே எதிர்மறையில் ‘ஐ ஹேவ் நாட் ஃபினிஷ்ட் வித் யூ’ என்று ஒருவர் குரலைத் தாழ்த்திச் சொன்னால் அது மிரட்டல்.

‘அஸ்’ வந்தால் வீழ்ச்சி. ஆனால் அந்த ஒரு பதவியில் மட்டும். ‘ஹீ இஸ் ஃபினிஷ்ட் அஸ் எ கேப்டன்’ என்றால் தலைமைப் பொறுப்பு போயிற்று, ஆட்டக்காரராகத் தொடரலாம்.

‘இன்’ மூன்று வேடம் போடும். ‘ஃபினிஷ்ட் இன் மேட் பிளாக்’ என்றால் மேற்பூச்சு. ‘ஃபினிஷ்ட் இன் டூ டேஸ்’ என்றால் கால அளவு. ‘ஃபினிஷ்ட் இன் பாலிடிக்ஸ்’ என்றால் அரசியல் வாழ்வு முடிந்தது. ‘இன்’னுக்குப் பின்னால் நிற்பது நிறமா, நாளா, துறையா என்று பார்த்தால் போதும்.

‘ஃபினிஷ்ட் ஆஃப்’ பெயரடையல்ல, கூட்டு வினை. மிச்சமிருந்த கேக்கைத் தின்று தீர்ப்பதற்கும் அதுதான், எதிரியைத் தீர்த்துக் கட்டுவதற்கும் அதுதான். நம் ‘தீர்’ இதே இரட்டை வேலையைப் பார்ப்பதால் தமிழருக்கு இது மட்டும் சுலபமாக மனதில் நிற்கும்.

படி 3: பெயருக்கு முன்னா, பின்னா?

பெயருக்கு முன்னால் நின்றால் பெரும்பாலும் நல்ல பொருள்தான். ‘ஃபினிஷ்ட் ப்ராடக்ட்’, ‘ஃபினிஷ்ட் டிராஃப்ட்’ எல்லாம் முழுமை பெற்றவை. பிரிட்டிஷ் விளையாட்டு வர்ணனையில் இளம் வீரரைப் பற்றி ‘ஹீ இஸ் நாட் தி ஃபினிஷ்ட் ஆர்ட்டிகிள் யெட்’ என்பார்கள். திறமை இருக்கிறது, இன்னும் பதமாகவில்லை என்று பொருள். இங்கே ‘ஆர்ட்டிகிள்’ கட்டுரை அல்ல, உருப்படி.

அதே வர்ணனையில் ‘ஹீ இஸ் ஃபினிஷ்ட்’ என்றால் அந்த வீரரின் காலம் முடிந்துவிட்டது. ‘ஹீ இஸ் எ ஃபினிஷர்’ என்றால் கடைசி ஓவர்களில் நின்று ஆட்டத்தை வென்று முடிப்பவர். 2011 ஏப்ரல் 2 அன்று வாங்கடே மைதானத்தில் சிக்சர் அடித்து உலகக் கோப்பையை முடித்துவைத்த தோனியை இந்த இரண்டில் எந்தச் சொல்லால் குறிக்க வேண்டும் என்று சென்னையில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

எந்த அடைமொழி ஒட்டும் என்பதும் ஒரு சோதனைதான். ‘ஆல்மோஸ்ட்’, ‘நியர்லி’, ‘ஹாஃப்’ ஒட்டினால் முடிவுப் பொருள். ‘வெல்’, ‘பியூட்டிஃபுலி’, ‘பேட்லி’ ஒட்டினால் மெருகுப் பொருள். முடிவுப் பொருளில் ‘வெரி ஃபினிஷ்ட்’ என்று சொல்வதில்லை. ஒன்று முடிந்திருக்கும் அல்லது முடியாதிருக்கும், ‘மிகவும் முடிந்தது’ என்று ஒன்று கிடையாது.

‘கம்ப்ளீட்’டோடு எங்கே பிரிகிறது?

சரியான பெண்ணை மணந்தால் நீங்கள் ‘கம்ப்ளீட்’, தவறான பெண்ணை மணந்தால் ‘ஃபினிஷ்ட்’, சரியானவரிடம் தவறானவரோடு மாட்டிக்கொண்டால் ‘கம்ப்ளீட்லி ஃபினிஷ்ட்’ என்ற வாட்ஸ்அப் துணுக்கு வராத குடும்பக் குழு இருக்காது. கூடவே, இந்த வேறுபாட்டை எந்த அகராதியாலும் விளக்க முடியவில்லை என்று ஒரு வரி வரும். அது சும்மா. ஆள் எழுவாயாக இருக்கும்போது ‘ஃபினிஷ்ட்’ வீழ்ச்சியைக் குறிக்கும் என்று மேலே பார்த்தோமே, துணுக்கு அதை மட்டுமே வைத்து ஓடுகிறது.

உண்மையான வேறுபாடு இது. ‘கம்ப்ளீட்’ என்பது உறுப்புகளைப் பற்றியது, எதுவும் குறையவில்லை என்பது. ‘ஃபினிஷ்ட்’ என்பது செயலைப் பற்றியது, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்பது. ஓர் எழுத்தாளர் நாவலை எழுதி முடித்துவிட்டார், நாவல் ‘ஃபினிஷ்ட்’. உங்கள் கையில் உள்ள பிரதியில் 40 பக்கம் காணோம் என்றால் அந்தப் பிரதி ‘கம்ப்ளீட்’ அல்ல. தபால்தலைத் தொகுப்பில் எல்லாத் தலைகளும் சேர்ந்துவிட்டால் அது ‘கம்ப்ளீட் செட்’. அதை ‘ஃபினிஷ்ட் செட்’ என்பாரில்லை.

‘கம்ப்ளீட்’டுக்கு அசல் ‘முற்ற முழுக்க’ என்ற வேலையும் உண்டு: ‘கம்ப்ளீட் வேஸ்ட்’, ‘கம்ப்ளீட் ஸ்ட்ரேஞ்சர்’. இந்த இடத்தில் ‘ஃபினிஷ்ட்’ நுழையவே முடியாது. ‘கம்ப்ளீட் வித்’ என்றால் ‘இன்னின்னவும் சேர்த்து’ என்று பொருள். ‘எ ஃபிளாட் கம்ப்ளீட் வித் மாடுலர் கிச்சன்’ என்ற விளம்பரத்தில் இருப்பது அதுதான்.

விண்ணப்பம் அனுப்புகிறவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டிய ஜோடி ஒன்று: ‘கம்ப்ளீட்டட் ஃபார்ம்’ என்பது கட்டங்களை நிரப்பிய படிவம். ‘கம்ப்ளீட் அப்ளிகேஷன்’ என்பது படிவம், சான்றிதழ் நகல், கட்டண ரசீது எல்லாம் அடங்கிய முழு விண்ணப்பம். படிவத்தை ஒரு கட்டம் விடாமல் நிரப்பியும் ‘இன்கம்ப்ளீட்’ என்று திருப்பி அனுப்புகிறார்களே என்று வருந்துகிறவர்கள், இணைப்புப் பட்டியலைத்தான் முதலில் சரிபார்க்க வேண்டும்.

தொழிலிடத்தில் இந்தச் சொல் பணமாகும் இடங்கள்

கட்டட வரைபடத்தில் ‘எஃப்.எஃப்.எல்.’ என்று போட்டிருப்பார்கள். ‘ஃபினிஷ்ட் ஃப்ளோர் லெவல்’, அதாவது டைல்ஸ் போட்டு முடித்தபின் கால் படும் மட்டம். கான்கிரீட் தளத்தின் மட்டம் வேறு. தளத்தின் மேல் 40 மில்லிமீட்டர் கலவை, 10 மில்லிமீட்டர் டைல்ஸ் என்று வைத்தால் இரண்டுக்கும் இடையே 50 மில்லிமீட்டர் வித்தியாசம். இதைக் கவனிக்காமல் கான்கிரீட்டிலிருந்து அளந்து நிலையை நிறுத்தி, கதவையும் அந்த அளவிலேயே செய்துவிட்டால், டைல்ஸ் வந்தபின் கதவு திறக்காது. அடியை அறுக்க வேண்டியிருக்கும்.

படிக்கட்டில் இந்தப் பிழை கண்ணுக்குத் தெரியாது, காலுக்குத் தெரியும். கான்கிரீட்டில் எல்லாப் படியும் 150 மில்லிமீட்டர் உயரம் என்று வார்த்துவிட்டார்கள் என்று கொள்வோம். பிறகு கீழ்த்தளத்துக்கும் மேல்தளத்துக்கும் 50 மில்லிமீட்டர் பூச்சு, படிகளுக்குக் கிரானைட்டும் கலவையுமாக 40 மில்லிமீட்டர். கீழ்த்தளம் 50 உயர, முதல் படி 40தான் உயர்கிறது. அதனால் முதல் ஏற்றம் 140. நடுவில் எல்லாம் 150. கடைசிப் படியிலிருந்து மேல்தளத்துக்கு 160. ஒரே சீராக ஏறிவந்த கால் அந்த 10 மில்லிமீட்டரில் தட்டும். படியின் சென்ட்ரிங் அடிக்கும் முன்பே மூன்று இடங்களின் பூச்சுக் கனத்தையும் முடிவுசெய்து, ‘ஃபினிஷ்ட்’ மட்டத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும்.

திருப்பூர் பக்கம் ஆர்டர் தாளில் ‘180 ஜி.எஸ்.எம். ஃபினிஷ்ட்’ என்றிருந்தால், சாயமேற்றி, காம்பாக்டிங் (துணியை அழுத்திச் சுருக்கி நிலைப்படுத்தும் வேலை) முடிந்த துணியின் எடை சதுர மீட்டருக்கு 180 கிராம். நிட்டிங் முடிந்து வரும் கிரே துணி சாயத்திலும் காம்பாக்டிங்கிலும் சுருங்கும்; சுருங்கினால் அதே பரப்பில் எடை கூடும். கிரே துணியையே 180க்கு ஓட்டினால் முடிவில் கனம் தாண்டிவிடும், நூல் செலவும் எகிறும். அகலத்துக்கும் இதே கதைதான். எந்த ‘டயா’ (துணியின் அகல அளவு) என்று கேட்கும்போது கிரேயா, ஃபினிஷ்டா என்று சேர்த்துக் கேட்காமல் கணக்குப் போடக் கூடாது.

தோலில் இது சட்டப் பிரச்சினையாகவே இருந்தது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வட்டாரத்தில் பச்சைத் தோல் குரோம் உப்பில் பதப்பட்டு நீலம் பாய்ந்து வருவது ‘வெட் புளூ’. மறுபதம், சாயம், எண்ணெய் ஏற்றிக் காய்ந்தது ‘கிரஸ்ட்’. அதன் மேல் பூச்சும் அழுத்தமும் கொடுத்து முடித்தால்தான் ‘ஃபினிஷ்ட் லெதர்’. கிரஸ்ட் ஏற்றுமதிக்கு 20 சதவீத வரி இருந்தது; ஃபினிஷ்ட் தோலுக்கு இல்லை. ஆகவே ஒரு கட்டுத் தோல் உண்மையிலேயே ‘முடிந்ததா’ என்பது ஆய்வுக்கூடத்தில் தீர்மானிக்க வேண்டிய விஷயமாக இருந்தது. 2025-26 மத்திய பட்ஜெட்டில்தான் கிரஸ்ட் மீதான அந்த வரி நீங்கியது.

இங்கே ‘செமி ஃபினிஷ்ட்’ என்பதைப் ‘பாதியில் விட்டது’ என்று படித்துவிடக் கூடாது. கிரஸ்ட் தோலும், எஃகு ஆலையின் பில்லெட்டும் (கம்பியாக உருட்டும் முன் உள்ள எஃகுக் கட்டை) அந்தந்தக் கட்டத்தில் முழுமையான சரக்கு. விலை உண்டு, வாங்க ஆள் உண்டு. பாதியில் நிற்பதைக் குறிக்க ‘ஹாஃப் ஃபினிஷ்ட்’ இருக்கிறது.

அச்சகத்தில் ‘ஃபினிஷ்ட் சைஸ்’ என்றால் வெட்டியபின் கிடைக்கும் அளவு. ஏ4 என்றால் 210க்கு 297 மில்லிமீட்டர். நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் பிளீட் (வெட்டில் போகும் உபரி ஓரம்) விட்டு, ஃபைலை 216க்கு 303 என்று அமைத்துக் கொடுக்க வேண்டும். சரியாக 210க்கே கொடுத்தால், வெட்டும்போது இம்மி நகர்ந்தாலும் ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரியும்.

அமெரிக்காவில் வீடு தேடுகிறவர்களுக்குச் சில குறிப்புகள். ‘அன்ஃபினிஷ்ட் பேஸ்மென்ட்’ என்றால் கட்டுமானம் நின்றுபோன நிலவறை அல்ல. சிமென்ட் தரையும் மூடாத சுவரும் குழாய்களும் தெரியும்படி, அப்படியே விற்கப்படும் தளம். ‘அன்ஃபினிஷ்ட் ஃபர்னிச்சர்’ என்றால் கால் ஒன்று குறைகிற நாற்காலி வரப்போவதில்லை. வார்னிஷ் நீங்கள் அடித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவே. மரக்கடையில் ‘டூ பை ஃபோர்’ கேட்டால் கையில் கிடைப்பது ஒன்றரை அங்குலத்துக்கு மூன்றரை அங்குலம். இழைத்து முடித்த அளவு அதுதான். பெயரில் இருப்பது பெயரளவு.

அடிக்கடி விழும் பிழைகள்

‘ஐ ஃபினிஷ்ட் டு ஈட்’ என்பது ‘சாப்பிட முடித்தேன்’ என்பது போல் நொண்டும். ‘ஃபினிஷ்ட் ஈட்டிங்’ என்றே வர வேண்டும். பயோடேட்டாவில் ‘பி.காம். கம்ப்ளீட்டட்’ என்று குறிப்பு நடையில் போடலாம். வாக்கியமாக்கும்போது ‘ஐ ஆம் கம்ப்ளீட்டட் பி.காம்.’ என்று எழுதினால் நேர்காணலுக்கு முன்பே ஒரு மதிப்பெண் போய்விடும். ‘ஐ ஹேவ் கம்ப்ளீட்டட்’தான் சரி.

‘ஆர் யூ ஃபினிஷ்ட்?’ என்ற கேள்வியை மேலதிகாரியிடம் தனியாகப் பயன்படுத்த வேண்டாம். தொனி சற்று மாறினால் ‘பேசி முடித்தாயிற்றா?’ என்ற எரிச்சலாகக் கேட்கும். ‘ஹேவ் யூ ஹேட் எ சான்ஸ் டு ஃபினிஷ் தி ரிப்போர்ட்?’ என்றால் அந்த ஆபத்து இல்லை. நிலவரம் தெரிவிக்கும் மின்னஞ்சலில் இரண்டு சொற்களையும் அதனதன் இடத்தில் வைத்தால் ஒரு வரியில் வேலை முடியும்: ‘தி டிராஃப்ட் இஸ் ஃபினிஷ்ட், பட் தி டேட்டா இஸ் நாட் கம்ப்ளீட்.’ எழுத்து வேலை முடிந்தது, புள்ளிவிவரம் இன்னும் வர வேண்டும் என்று பெறுகிறவருக்குப் பிசகில்லாமல் போய்ச் சேரும்.

கடைசியாக, ‘ஐ ஆம் ஃபினிஷ்ட் மை ஹோம்வொர்க்’. பெரும்பாலான இடங்களில் இது பிழை. ‘ஹேவ்’ போட வேண்டும், அல்லது ‘வித்’ சேர்க்க வேண்டும். ஆனால் கனடாவில் இது பிழையே அல்ல, அங்கே பிறந்து வளர்ந்தவர்கள் இயல்பாகப் பேசும் அமைப்பு. அமெரிக்காவில் ஃபிலடெல்பியா பக்கமும் வெர்மான்ட்டிலும் உண்டு. டொராண்டோவில் வளரும் பேரப்பிள்ளை வீடியோ காலில் இப்படிச் சொன்னால் திருத்த வேண்டாம். அதே பிள்ளை ஐ.இ.எல்.டி.எஸ். எழுதப் போகிறது என்றால், எழுத்துத் தாளில் மட்டும் ‘ஹேவ்’ போடச் சொல்லுங்கள்.